ஊழியத்துக்குப் போக நினைக்கிறேன், என் நோக்கம் சுத்தமானதா?

பர்மாவில் பகோ பக்கத்துத் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். வயது 23. யாங்கோனில் ஒரு டீக்கடையில் கல்லா பார்க்கிறார். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறார், இரண்டு மூன்று முறை ஆராதனையில் பிரசங்கமும் செய்திருக்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம்:

“ஆண் பிள்ளை பிறந்தால் ஊழியத்துக்குத் தருகிறேன் என்று நான் பிறக்கும் முன்பே அம்மா பொருத்தனை செய்துவிட்டார்கள். இப்போது எனக்கும் அந்த விருப்பம் இருக்கிறது. ஆனால் கூட்டாளி ஒருவன், ‘பட்டாளத்துக்குப் பயந்துதானே பைபிள் காலேஜுக்கு ஓடுகிறாய்’ என்று கேட்டுவிட்டான். அதிலிருந்து தூக்கம் இல்லை ஐயா. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேடையில் நிற்கும்போது எல்லாரும் என்னைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கிறது. இப்படிக் கலங்கின மனதோடு ஊழியத்துக்குப் போகலாமா? நோக்கம் சுத்தமாகும்வரை காத்திருக்க வேண்டுமா?”

தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்த மேடை விஷயம்தான். எனக்கும் 26 வயதில் மேடை பிடித்தது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு 50 வயது ஆனது. நீங்கள் 23-லேயே எழுதிவிட்டீர்கள்.

முதலில் கூட்டாளி சொன்னதை எடுத்துக்கொள்வோம். 2010-ல் எழுதி வைத்திருந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆண்களில் 18 முதல் 35 வயது வரை, பெண்களில் 18 முதல் 27 வரை அதில் வருகிறார்கள். துறவறத்திலும் சமயப் பணியிலும் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. 23 வயதுப் பையனுக்கு இது மனதில் ஓடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பயப்படுவது பாவம் இல்லை. எலியா பயந்து ஓடினார், மோசேயும் ஓடினார், இரண்டு பேரையும் ஆண்டவர் ஓடிய இடத்திலேயே போய்ப் பிடித்தார். பயத்துக்கு நாம் வேறு பெயர் வைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று ஜெபத்திலும் சொல்லலாம், உங்கள் போதகரிடமும் சொல்லலாம். “எனக்கு அழைப்பு வந்திருக்கிறது” என்று சபையில் எழுந்து சாட்சி சொல்வது வேறு பேச்சு. முதலாவதை இரண்டாவது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனவர்கள், பயம் தீர்ந்த அன்றைக்கு அங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாமல் திகைப்பார்கள். நாளைக் காலை அந்தச் சட்டம் இல்லை என்று அறிவித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இதற்குப் பதிலை எனக்கு எழுத வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அம்மாவின் பொருத்தனை கொஞ்சம் மென்மையான விஷயம். நம் குடும்பங்களில் பாதிப் பேர் இப்படி நேர்ந்துவிடப்பட்டவர்கள்தான். அன்னாள் சாமுவேலை நேர்ந்தது எல்லாருக்கும் தெரியும், எல்லா அம்மாக்களும் அதைத்தான் காட்டுவார்கள். ஆனால் அன்னாளின் பொருத்தனை பையனை ஆலய வாசல் வரைக்கும்தான் கொண்டுவந்தது. மூன்றாம் அதிகாரத்தில் ராத்திரியில் ஒரு குரல் அவனையே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. அதைக்கூட அவன் மூன்று தடவை ஏலி என்று நினைத்து எழுந்து ஓடினான். இன்னொன்றையும் கவனியுங்கள். அதே ஆலயத்தில் ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் ஆசாரியர்களாக இருந்தார்கள். அவர்களும் பிறப்பினாலே ஊழியத்துக்கு வந்தவர்கள். கொப்பரையில் இறைச்சி வேகும்போதே வேலைக்காரனை விட்டு மூன்று கூறுள்ள ஆயுதத்தால் குத்தி எடுத்துக்கொண்டார்கள். ஒரே வீடு, ஒரே பலிபீடம். அம்மா செய்த பொருத்தனையை மதியுங்கள், ஆனால் அதை உங்கள் அழைப்பாகக் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். ஒருவேளை நீங்கள் டீக்கடை முதலாளியாகி நேர்மையான சீஷனாக வாழ்ந்தால் அம்மாவின் பொருத்தனை பொய்த்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இயேசு மீனவர்களிடம் முதலில் சொன்னது “என் பின்னே வாருங்கள்” என்பதுதான். மனுஷரைப் பிடிப்பது அதற்கு அடுத்த பேச்சு. நம் ஊரில் பலருக்கு இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. பின்னே போகாமலே பிடிக்கப் போகிறார்கள்.

இனி மேடை. பர்மாவில் இந்தச் சோதனை மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன். இங்கே போதிக்கிறவர் யாராக இருந்தாலும் ‘சயா’. சயா வந்தால் நாற்காலி போடுவார்கள், டீ முதலில் அவருக்கு வரும், சாப்பாட்டில் நல்ல துண்டு அவர் தட்டில் விழும். கூலி வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வெளியே எங்கேயும் கிடைக்காத மரியாதை, ஒரு வேதாகமத்தைக் கையில் எடுத்ததும் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் இனிக்காது? இனிப்பதில் தப்பில்லை. அது இல்லாவிட்டால் கை நடுங்கும் என்கிற நிலைமைதான் ஆபத்து. வெற்றிலை போடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

“நோக்கம் சுத்தமாகும்வரை காத்திருக்க வேண்டுமா” என்று கேட்டீர்களே, அதற்கு இந்த நாட்டில் நடந்த கதையையே பதிலாகச் சொல்கிறேன். அதோனிராம் ஜட்சன் பெயர் உங்களுக்குத் தெரியும், பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்தவர். ஆனால் நம் சபைகளில் அவர் கதையைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

அவர் பர்மாவுக்கு வந்ததே ஏதோ தரிசனம் கண்டு நேராக வந்தது போல் பேசுகிறோம். நடந்தது வேறு. 1812-ல் அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தார். கப்பலிலேயே ஞானஸ்நானத்தைப் பற்றி அவர் மனம் மாறியது. கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்று, தன்னை அனுப்பிய சங்கத்திலிருந்து விலகினார். அந்நிய மண்ணில் இளம் மனைவியோடு நிற்கிறார், சம்பளம் தர ஆளில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவை விட்டுப் போகச் சொல்லிவிட்டது. மொரிஷியஸ் போனார், அங்கிருந்து சென்னைப் பட்டணத்துக்கு வந்தார். மறுபடியும் பிடித்து அனுப்பிவிடுவார்களோ என்ற அவசரத்தில் துறைமுகத்தில் விசாரித்தால், புறப்படத் தயாராக இருந்த கப்பல் ரங்கூனுக்கு, அதாவது இன்றைய யாங்கோனுக்குப் போகிறது. ஏறினார். 1813 ஜூலை 13-ல் இங்கே இறங்கினார். பின்னாளில் நம் பாட்டன்மாரை ஏற்றி வந்த அதே கடல்வழி. அவர்களும் ரங்கூன் கனவு கண்டா வந்தார்கள்? கிடைத்த கப்பலில் வந்தார்கள்.

ஆறு வருஷம் ஒருவரும் மனம் திரும்பவில்லை. சாலையோரம் ஒரு ஸயாட் கட்டி, நம் ஊர்ச் சத்திரம் மாதிரி, அங்கே உட்கார்ந்து போகிற வருகிறவர்களோடு பேசினார். 1819 ஜூன் 27-ல் மாங் நாவ் என்ற ஒரே ஒருவர் ஞானஸ்நானம் எடுத்தார். 1824-ல் ஆங்கிலேயரோடு போர் மூண்டது. அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் அவரைச் சிறையில் போட்டு, 17 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தார்கள். புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் தைத்துக் கொடுத்தார். இதுவரை எல்லாரும் சொல்வார்கள். தலையணைக் கதைக்கு ஞாயிறு பள்ளியில் எப்போதும் கைதட்டல் உண்டு.

கைதட்டல் இல்லாத பகுதி அதற்குப் பின்னால் வருகிறது. விடுதலையான பின் 1826-ல் ஒப்பந்தப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளராக ஆங்கிலத் தூதுக்குழுவோடு ஆவாவுக்குப் போனார். ஒப்பந்தத்தில் மதச் சுதந்திரத்துக்கு ஒரு வரி வாங்கிவிடலாம் என்பது அவர் எண்ணம். அந்த வரி கிடைக்கவில்லை. அவர் தூரத்தில் இருந்தபோதே அக்டோபர் 24-ல் ஆன் காய்ச்சலில் இறந்துபோனார். ஆறு மாதத்தில் அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை மரியாவும் போனது. நல்ல நோக்கத்தோடு போனாரா, பெரிய மனிதர்களோடு உட்காரும் ஆசையில் போனாரா? அவருக்கே தெரிந்திருக்காது. அங்கே தொடங்கியது தோண்டல்.

புகழாசைதான் தன்னுடைய நோய் என்று முடிவு கட்டினார். பிரௌன் பல்கலைக்கழகம் தந்திருந்த டாக்டர் பட்டத்தை 1828-ல் வேண்டாம் என்று எழுதிவிட்டார். தன்னைப் பாராட்டி வந்த கடிதங்களை அழித்தார். சொந்தப் பணத்தை மிஷனுக்குக் கொடுத்தார், சம்பளத்தைக் குறைக்கச் சொன்னார். மோல்மேன் என்ற ஊருக்கு வெளியே, புலி நடமாடும் காட்டோரம் ஒரு குடிசை போட்டுத் தனியாகப் போய் இருந்தார். கடைசியில் ஒரு சவக்குழி வெட்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்து தன் உடம்பு அதற்குள் அழுகுவதை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 1829-ல், கடவுளை நம்புகிறேன், ஆனால் காண முடியவில்லை என்ற பொருளில் எழுதினார்.

பட்டத்தைத் துறந்தது நல்ல காரியம்தான். ஆனால் பாருங்கள், நோக்கத்தைச் சுத்தமாக்கப் போன மனிதர் குழியின் ஓரத்தில் போய் நின்றார். தன்னையே தோண்டிக்கொண்டிருப்பவனுக்கு அடி என்பது அகப்படவே அகப்படாது. பட்டத்தை விட்டால், பட்டத்தை விட்டவன் என்ற பெருமை அடியில் இருக்கும். அதையும் விட்டால் அதற்குக் கீழே இன்னொன்று. இருதயத்தை அறியத்தக்கவன் யார் என்று எரேமியா கேட்டதன் அர்த்தம் இதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் அடுத்த வசனத்திலேயே இருக்கிறது, ஆராய்கிறவர் கர்த்தர். நாமே ஆராய்ந்து முடித்துவிட்டு அவரிடம் அறிக்கை கொடுக்கிற வேலை இல்லை இது.

ஜட்சன் எப்படி வெளியே வந்தார்? ஏதோ ஒரு ராத்திரியில் ஒளி கண்டு வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மனிதர்களிடம் திரும்பினார், வேலைக்குத் திரும்பினார். 1831-ல் ரங்கூனில் ஷ்வேடகோன் பகோடா திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில், கேட்டவர்களுக்கு மட்டும் என்று கொடுத்தே சுமார் 10,000 துண்டுப் பிரசுரங்கள் போயின. 1834 ஜனவரி 31-ல் வேதாகம மொழிபெயர்ப்பின் கடைசி ஏட்டை முடித்தார். அப்போது அவர் நோக்கம் முழுச் சுத்தமாகிவிட்டதா? அவர் அப்படிச் சொல்லிக்கொண்டதாக நான் படித்ததில்லை. ஏடு முடிந்தது. இன்றைக்கும் பர்மிய சபைகளில் அதைத்தான் வாசிக்கிறார்கள்.

அவர் காலத்திலேயே கோ தா பியூ என்று கரேன் இனத்தவர் ஒருவர் இருந்தார். கொள்ளைக்காரர், கொலைகளும் செய்தவர். கடனுக்காக அடிமையாகக் கிடந்தவரைக் கடனைக் கட்டி மீட்டுத்தான் மிஷன் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் என்ன நோக்கத்தோடு உள்ளே வந்திருப்பார்? சோறும் படுக்க இடமும்தான். 1828 மே 16-ல் தாவாயில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்குப் பின் 1840-ல் சாகும்வரை மலை மலையாக நடந்து தன் ஜனத்துக்குச் சொன்னார். வாசலில் அவரை நிறுத்தி “உன் நோக்கம் சுத்தமா?” என்று கேட்டிருந்தால் கரேன் சபைகளின் கதையே வேறாகியிருக்கும். வரும்போது கலங்கி வரலாம் தம்பி. வந்த பிறகு யாரிடம் தெளியவிடுகிறோம் என்பதுதான் விஷயம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களைப் பற்றி மட்டும் பேசினால் சரியாக இருக்காது. 2008 மே மாதம் நர்கீஸ் புயல் ஐராவதி டெல்டாவைத் தூக்கிப் போட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000 பேர். நாங்கள் ஏழெட்டுப் பேர் அரிசி, எண்ணெய், துணி எல்லாம் கட்டி, ஆற்றைக் கடந்து டலா வழியாகக் குன்ஜாங்கோன் பக்கம் போனோம். நான்தான் தலைவர். சபைப் பெயர் எழுதின பேனர் ஒன்றும் கொண்டுபோயிருந்தோம். வெளிநாட்டில் பணம் கொடுத்தவர்களுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்பது காரணம், அது பொய்க் காரணமும் இல்லை. வெளிச்சம் போவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும் என்று நான் ஜனங்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி, பௌத்தர், ஈரத் துணியோடு நின்றவர், பர்மியத்தில் மெதுவாகக் கேட்டார்: “சயா, முதலில் அரிசியா, முதலில் படமா?”

கிண்டலாகக் கேட்கவில்லை. எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் நிஜமாகவே கேட்டார். பேனரைச் சுருட்டி வைத்தேன். ஆனால் அன்றிரவு படகில் வரும்போது எனக்கு வந்த வருத்தம் எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? நல்ல படம் கிடைக்கவில்லையே என்று. அதைக் கண்டுபிடித்தபோதுதான் எனக்கு என்னைத் தெரிந்தது. அறைக்கதவைச் சாத்தி ஜெபத்தில் ஆராய்ந்த அத்தனை வருஷங்களிலும் தெரியாதது, ஒரு பேனரைச் சுருட்டியதில் தெரிந்துவிட்டது.

பர்மியர்கள் ‘சேதனா’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர் கூடுதலாக ஒரு கரண்டி போட்டால் சேதனா, சம்பளம் வாங்காமல் பாடம் சொன்னால் சேதனா. பௌத்தத்தில் வினையே சேதனாவில்தான் இருக்கிறது, செயலுக்கு முன்னால் நிற்கிற எண்ணத்தில். இந்த நாட்டில் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாருமே நோக்கத்தை முகர்ந்து பார்க்கப் பழகினவர்கள். சோற்றுக்கு மதம் மாற்ற வருகிறவனா, சேதனாவோடு வருகிறவனா என்று அந்தப் பாட்டிக்கு அரை மணி நேரத்தில் தெரியும். நமக்குத் தெரிய இருபது வருஷம் ஆகிறது.

ஆனால் தெரிந்தாலும் சொல்லமாட்டார்கள். அதற்கும் இங்கே ஒரு சொல் இருக்கிறது, ‘ஆனாடே’. அடுத்தவர் மனம் நோகுமே என்று சொல்ல வந்ததை விழுங்கிவிடுவது. நம் தமிழ்ச் சபைகளிலும் அது நன்றாக ஊறிவிட்டது. போதகர் தப்புச் செய்தால் ஆனாடே, பொருளாளர் கணக்குக் காட்டாவிட்டால் ஆனாடே. அதனால் உங்களிடம் “வேண்டாம்” என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய இரண்டு பேரை இப்போதே சம்பாதித்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் உங்கள் வருங்கால மனைவியாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கூட்டாளியை விட்டுவிடாதீர்கள். குத்தலாகப் பேசினாலும் ஆனாடே இல்லாமல் பேசினான் பாருங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காததாலேயே சொல்கிறேன். சம்பளம் வாங்குவது நோக்கத்தைக் கெடுக்கும் என்பவர்களை நான் அதிகம் நம்புவதில்லை, அவர்களில் பலருக்குச் சொந்த வீடும் வாடகை வருமானமும் இருக்கும். சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனால் பிழைப்பு உண்டு என்று சொன்ன பவுல்தான் கூடாரமும் தைத்தார். எங்கள் தகப்பன்மார் காலத்தில் 1966-ல் வெளிநாட்டு மிஷனரிகள் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய வருஷங்களில்தான் தமிழர்கள் கடை, நிலம் எல்லாம் இழந்து கப்பல் கப்பலாக ஊர் திரும்பினார்கள். வெளிப்பணம் நின்றது, காணிக்கை போட ஆளும் குறைந்தது. என் அப்பா பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதி, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தார். அவர் தன் நோக்கத்தை ஆராய்ந்து நான் பார்த்ததில்லை, நேரம் இல்லை அவருக்கு. இப்போது நிலைமை வேறு. வெளிநாட்டு ஆதரவு வருகிறது, ஆத்தும எண்ணிக்கை கேட்கிறார்கள். ஒரே ஞானஸ்நானப் படத்தை இரண்டு ஸ்தாபனங்களுக்கு அனுப்பிய ஒருவரை எனக்குத் தெரியும், ஆரம்பத்தில் அவர் நல்லவர். ஒரு கியாட் வந்தாலும் இன்னொருவர் கண் படுகிற மாதிரி எழுதி வையுங்கள். கல்லாவில் உட்காருகிற உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டுமா?

இன்னொரு சின்ன விஷயம். தமிழை இங்கே காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையும் உங்கள் கடிதத்தில் ஓரமாக எட்டிப் பார்க்கிறது. எனக்கும் உண்டு. நல்ல ஆசை, அதற்குத் தமிழ் வகுப்பு நடத்துங்கள். பாதிப் பிள்ளைகளுக்குப் பர்மியம்தான் புரிகிறது என்று தெரிந்தும் தமிழிலேயே பிரசங்கம் பண்ணினால் அது யாருக்காக?

பிலிப்பியர் முதல் அதிகாரத்தில் பவுல் சிறையில் இருந்துகொண்டு எழுதுகிறார், சிலர் பொறாமையினாலே கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறார்கள், எப்படியானாலும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார், அதில் எனக்குச் சந்தோஷம் என்று. பலரும் இதைப் பிடித்துக்கொண்டு, நோக்கம் எப்படி இருந்தால் என்ன என்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு அது ஆறுதல்தான். பேசுகிறவனுக்கு ஆறுதல் இல்லை. மற்றவர்களுக்குப் பிரசங்கித்துவிட்டுத் தானே ஆகாதவனாகிவிடக் கூடாதே என்று பயந்ததும் அதே பவுல்தான்.

சரி, என்ன செய்வது? டீக்கடை வேலையை இப்போது விட வேண்டாம். பைபிள் காலேஜ் விண்ணப்பத்தை ஒரு வருஷம் தள்ளிப் போடலாம் என்பது என் யோசனை, உங்கள் போதகர் வேறு சொன்னால் அவரையும் கேளுங்கள். இந்த ஒரு வருஷத்தில் மைக் இல்லாத வேலை ஏதாவது ஒன்றைக் கையில் எடுங்கள். அப்புறம் உங்களையே கொஞ்சம் கவனியுங்கள், உட்கார்ந்து தோண்ட வேண்டாம், போகிற போக்கில் பார்த்தால் போதும். நோட்டீஸில் உங்கள் பெயர் விடுபட்ட அன்றைக்குச் சாப்பாடு இறங்கியதா? நீங்கள் சொல்லிக் கொடுத்த பையன் உங்களைவிட நன்றாகப் பேசியபோது முதலில் வந்த எண்ணம் என்ன? யோவான் ஸ்நானகனுக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அவனுடைய சீஷர்களே வந்து, எல்லாரும் அவரிடத்தில் போகிறார்கள் என்று முறையிட்டார்கள். “அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்” என்று அவன் சொன்னது அந்த நேரத்தில்தான். கூட்டம் தன் பக்கம் இருந்தபோது சொன்ன வார்த்தை இல்லை அது.

வியாழக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோகிறோம். கூட ஆள் இல்லாத நோயாளிகளுக்கு, எந்த மதமானாலும். அங்கே பிரசங்கம் கிடையாது, படம் எடுக்கவும் விடமாட்டார்கள். எனக்கு முழங்கால் வலி, இரண்டாவது மாடிக்கு டிபன் கேரியர் தூக்க முடியவில்லை. உங்களுக்கு வியாழன் காலை ஷிப்ட் இல்லை என்றால் ஆறரைக்கு வந்துவிடுங்கள். அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.